மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் பரு: எதைப் போடுவது, எதை நிறுத்துவது

45 வயதைத் தாண்டிய பிறகு மோவாயிலும் தாடையோரத்திலும் பரு கிளம்பினால், கல்லூரிக்குப் போகும் மகளின் பரு க்ரீமை எடுத்துப் பூசிப் பார்ப்பதுதான் பல வீடுகளில் நடக்கும் முதல் வைத்தியம். நாலே நாளில் முகம் எரிகிறது, தோல் உரிகிறது, பரு இருந்த இடம் கறுத்துப்போகிறது. பிறகு அந்தக் கறுப்புக்கு ஒரு க்ரீம் வாங்குகிறார்கள். உண்மையான தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மகளுக்கு ஒத்துக்கொண்ட மருந்து அம்மாவுக்கு ஏன் ஒத்துக்கொள்வதில்லை? இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கி, கடைசியில் அடியோடு குறைந்துவிடும். பெண் உடம்பிலும் சிறிதளவு சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்கள் (ஆண்ட்ரோஜன்கள்) அந்த வேகத்தில் குறைவதில்லை. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துவைத்திருக்கும் ஒரு புரதமும் ஈஸ்ட்ரோஜனோடு சேர்ந்து குறைவதால், கட்டில்லாமல் உலவும் டெஸ்டோஸ்டிரோனின் பங்கு கூடுகிறது. தாடைப் பகுதியின் எண்ணெய்ச் சுரப்பிகள் அதற்கு உடனே வேலை செய்கின்றன. மோவாயில் ஒன்றிரண்டு தடித்த முடி முளைப்பதற்கும் இதே காரணம்தான்.

அதே சமயம் தோலின் மற்ற பாகம் எதிர்த் திசையில் போகிறது. மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளுக்குள் தோலின் கொலாஜனில் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடுகிறது. தோல் மெலிகிறது, வறள்கிறது, காயம் ஆற அதிக நாள் எடுக்கிறது. உள்ளே எண்ணெய்ச் சுரப்பி, வெளியே காய்ந்த தோல் என்ற இந்த இரண்டையும் ஒன்றாகக் கவனித்தால்தான் பரு அடங்கும். எண்ணெயை உறிஞ்சி எடுப்பதையே வேலையாகக் கொண்ட இளவயது வைத்தியம் இங்கே பாதி வேலையைக் கெடுத்துவிடும்.

முதலில், இது பருதானா?

இந்த வயதின் பரு பெரும்பாலும் மூக்குக்குக் கீழ்ப்பகுதியில் வரும்: மோவாய், தாடை ஓரம், கழுத்தின் மேற்பகுதி. தலை திரண்டு சீழ் வைக்காமல், தோலுக்கு அடியில் கடலை போலத் தட்டுப்படும். தொட்டால் வலிக்கும், ஆற இரண்டு மூன்று வாரம் எடுக்கும். மாதவிடாய் இன்னும் முழுதாக நிற்காதவர்களுக்கு, அது வருவதற்கு முந்தைய வாரத்தில் அதிகமாகும். இந்த அடையாளம் பொருந்தவில்லை என்றால் வேறு மூன்றை யோசிக்க வேண்டும்.

ஒன்று ரோசேசியா. கன்னமும் மூக்கும் சூடாகி, எரிந்து, சின்னச் சின்ன சிவந்த பொரிகள் வரும்; மயிர்க்கால் அடைபடுவதால் வரும் கரும்புள்ளி (ப்ளாக்ஹெட்), வெண்புள்ளி (வைட்ஹெட்) இருக்காது. மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது என்பதால் பலருக்கு இது பரு என்றே வைத்தியம் நடக்கிறது. நம் தோலில் இதைக் கண்டுபிடிக்க நிறத்தைவிட எரிச்சலைக் கவனிப்பது மேல். வெயில், அடுப்புச் சூடு, ஆவி பறக்கும் காபி, காரம் ஆகியவற்றுக்குப் பிறகு முகம் ‘திகுதிகு’ என்றால் ரோசேசியாவைச் சந்தேகிக்கலாம். மாதவிடாய் நிற்கும் காலத்தில் உடம்பு திடீரென்று சூடாகி வியர்ப்பதும் இதைக் கிளப்பிவிடும். பருவுக்கான பென்சாயில் பெராக்சைடு இங்கே எரிச்சலைக் கூட்டும். ஐவர்மெக்டின் 1 சதவீத க்ரீம், மெட்ரோனிடசோல் 0.75 சதவீத ஜெல் போன்றவைதான் ரோசேசியாவுக்கான மருந்துகள். தோல் மருத்துவர் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

இரண்டாவது, பூஞ்சையால் வரும் மயிர்க்கால் அழற்சி. நெற்றி, மார்பு, முதுகில் எல்லாம் ஒரே அளவாக, அரிப்போடு பொரியும். ஆன்டிபயாட்டிக் மாத்திரை சாப்பிட்ட பிறகு அதிகமானால் இதுவாக இருக்க நல்ல வாய்ப்பு. பரு மருந்தால் இது போகாது; பூஞ்சை மருந்து வேண்டும்.

மூன்றாவது, மருந்துகளால் வரும் பரு. இந்த வயதில் வீட்டில் ஒரு மாத்திரை டப்பா இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். கை கால் மரத்துப்போவதற்குப் போடும் பி12 ஊசியும் அதிக அளவு பி12 மாத்திரையும் சிலருக்குத் திடீரென்று ஒரே மாதிரியான பருக்களைக் கிளப்பும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம் என்பதால் இந்த ஊசி பலருக்குப் போடப்படுகிறது. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ எடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை, காசநோய்க்கான ஐசோனியாசிட், வலிப்புக்கான ஃபெனிட்டாய்ன், மனநல மருந்தான லித்தியம் ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் பரு வந்ததைச் சொல்லி, மாற்று உண்டா என்று கேளுங்கள்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சிவப்பழகு க்ரீம்

இதற்குத் தனியாக இடம் கொடுத்தே ஆக வேண்டும். ‘முகம் கறுத்துப்போச்சு, ஏதாவது க்ரீம் கொடுங்க’ என்று கேட்டால் கையில் வரும் ட்யூப்களில் பல, ஸ்டீராய்டு கலந்தவை. முதல் வாரம் முகம் பளபளக்கும், பரு அமுங்கும். இரண்டு மூன்று மாதத்தில் தோல் இன்னும் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, முடி முளைத்து, பொரிபொரியாகப் பரு வரும். நிறுத்தினால் முகம் நெருப்பாக எரியும் என்பதால் மறுபடி அதையே பூசுவார்கள். ஏற்கெனவே மெலிந்துகொண்டிருக்கும் தோலுக்கு இதைவிடப் பெரிய கெடுதல் இல்லை.

ட்யூபின் பின்பக்கத்தில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசோல், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன், பெக்ளோமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. ‘-சோன்’, ‘-சோல்’, ‘-லோன்’ என்று பெயர் முடிந்தாலே ஒரு முறை நின்று விசாரிப்பது நல்லது. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின் இரண்டோடும் மொமெட்டசோன் சேர்ந்த மூவகைக் கலவை க்ரீம்தான் தவறாகப் பயன்படுவதில் முதலிடம். மங்குக்கு மருத்துவர் குறிப்பிட்ட சில வாரங்களுக்கு மட்டும் எழுதுவது அது. பருவுக்கோ, தினசரி அழகுக்கோ அல்ல. 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச்சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. இருந்தும் கேட்டால் கிடைக்கிறது. அதனால் கவனம் வாங்குகிறவரிடம்தான் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே பல வாரமாகப் பூசிக்கொண்டிருந்தால், நிறுத்திய சில நாளில் எரிச்சலும் சீழ்ப்பொரியும் வெடித்துக் கிளம்பும். அதற்குப் பயந்து மறுபடி தொடாதீர்கள். தோல் மருத்துவரிடம் அந்த ட்யூபையே எடுத்துக்கொண்டு போங்கள். படிப்படியாகக் குறைப்பதா, உடனே நிறுத்திவிட்டு வேறு மருந்து கொடுப்பதா என்பதை எவ்வளவு நாள் பூசினீர்கள் என்பதை வைத்து முடிவு செய்வார். அந்த இடைவெளியில் கீழே சொல்லும் பரு மருந்துகள் எதுவும் முகத்தில் படக் கூடாது. மென்மையான க்ளென்சர், மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன் மூன்று மட்டும்.

தினசரி முறை

பரு மருந்தைத் தொடுவதற்கு முன் இரண்டு வாரம் தோலைத் தேற்றுங்கள். இதை எல்லோரும் தாண்டிப்போய்விடுகிறார்கள்; பாதி எரிச்சலுக்கு இதுதான் காரணம்.

சாதாரணக் குளியல் சோப்பின் பி.எச் அளவு 9, 10 வரை போகும். தோலின் அளவோ 5-ஐ ஒட்டியது. சோப்பு போட்டபின் முகம் ‘வெறிச்’ என்று இழுப்பது சுத்தத்தின் அடையாளம் அல்ல, தோலின் பாதுகாப்புப் படலம் போய்விட்டது என்று பொருள். நுரை குறைவான, வாசனை இல்லாத க்ளென்சரால் காலை ஒரு முறை, இரவு ஒரு முறை கழுவினால் போதும். தண்ணீர் அறைச் சூட்டில் இருக்கட்டும். கடலை மாவு, பயத்த மாவு, நலங்கு மாவு தேய்ப்பதை இந்தக் காலத்தில் விட்டுவிடுங்கள். நைசாக அரைத்தாலும் அதன் துகள் உராயும், காய்ந்த தோல் மேலும் காயும். எலுமிச்சைச் சாறு, சோடா உப்பு, பற்பசை மூன்றும் பருவின் மேல் படவே கூடாது. ஒவ்வொன்றும் தோலைப் பொசுக்கும், ஆறியபின் கறுப்பை விட்டுவிட்டுப் போகும்.

துடைத்த ஈரம் முழுதும் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். செராமைடு, கிளிசரின், ஹயலுரோனிக் ஆசிட் உள்ள லோஷனாகப் பாருங்கள். தேங்காய் எண்ணெய், கோகோ பட்டர் சேர்ந்தது வேண்டாம். இரண்டும் மயிர்க்காலை அடைக்கும். ‘பரு இருக்கும்போது க்ரீம் போட்டால் இன்னும் எண்ணெய் வழியாதா?’ என்ற பயம் இந்த வயதில் தேவையில்லாதது. மாய்ஸ்சரைசர் இல்லாமல் பரு மருந்தைத் தாங்கும் தோல் 50 வயதில் அபூர்வம்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு அடாபலீன் 0.1 சதவீத ஜெல் அல்லது க்ரீம். காய்ந்த தோலுக்கு ஜெல்லைவிட க்ரீம் நல்லது. மயிர்க்கால் அடைபடாமல் பார்ப்பதுதான் இதன் வேலை. தொடர்ந்து போட்டால் தோலின் கரடுமுரடும் கொஞ்சம் சீராகும். தோல் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது சரியான வழி. போடும் முறை இது:

இரவு முகம் கழுவி, முழுதாகக் காயவிட்டு, மெல்லியதாக மாய்ஸ்சரைசர் தடவிப் பத்து நிமிடம் இருங்கள். பிறகு ஒரு பச்சைப் பட்டாணி அளவு மருந்தை எடுத்து நெற்றி, இரண்டு கன்னம், மோவாய் என்று புள்ளி வைத்து, முகம் முழுதும் பரப்புங்கள். பரு மேல் மட்டும் வைப்பது வீண். இந்த மருந்து வந்த பருவைவிட வரப்போகும் பருவுக்குத்தான் வேலை செய்கிறது. கண் இமை, மூக்கின் மடிப்பு, உதட்டோரம், கழுத்து மடிப்பில் படக் கூடாது. அந்த இடங்களில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொண்டால் மருந்து வழிந்தாலும் எரியாது.

முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு 2 இரவு. அடுத்த இரண்டு வாரம் 3 இரவு. ஐந்தாவது வாரத்திலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள். எரிச்சல் இல்லையென்றால் எட்டாவது வாரத்திலிருந்து தினமும். ஒரு நாள் விட்டு ஒரு நாளுக்கு மேல் உங்கள் தோல் தாங்கவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள், அதுவும் பலன் தரும். அளவு சரிதானா என்று பார்க்க ஒரு வழி: தினமும் போட்டாலும் 15 கிராம் ட்யூப் ஒரு மாதத்துக்கு மேல் வர வேண்டும். அதற்கு முன்பே தீர்ந்தால் கை தாராளமாகிவிட்டது.

இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் பரு கொஞ்சம் கூடுவதுபோலத் தெரியலாம். அடியில் இருந்தவை மேலே வருகின்றன. பெரும்பாலோர் சரியாக இந்த நேரத்தில்தான் ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நிறுத்துகிறார்கள். 12 வாரம் ஆகாமல் எந்தப் பரு மருந்தையும் எடைபோட முடியாது. ஆனால் எரிச்சல் வேறு, பரு கூடுவது வேறு. தண்ணீர் பட்டாலே எரிவது, உதட்டோரம் வெடிப்பது, மாய்ஸ்சரைசரே சுரீர் என்பது எரிச்சல். அப்போது மருந்தை ஐந்து முதல் ஏழு நாள் நிறுத்தி, மாய்ஸ்சரைசர் மட்டும் போட்டு, முன்பிருந்ததைவிடக் குறைந்த எண்ணிக்கையில் மறுபடி தொடங்குங்கள்.

காலையில் அசலாயிக் ஆசிட். 10, 15, 20 சதவீதங்களில் கிடைக்கிறது, 10-ல் ஆரம்பிக்கலாம். நம் தோலுக்கும் இந்த வயதுக்கும் மிகப் பொருத்தமானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வோம். பருவைக் குறைக்கும், பரு விட்டுப்போன கறுப்பை மங்கவைக்கும், ரோசேசியாவுக்கும் நல்லது. பூசிய முதல் 15 நிமிடம் லேசாக அரிக்கும். அது சகஜம், சில வாரத்தில் குறையும். அடாபலீன் தொடங்கிய அதே வாரத்தில் இதையும் தொடங்காதீர்கள். ஒரு மாதம் இடைவெளி விட்டால்தான், எரிந்தால் எதனால் எரிகிறது என்று தெரியும்.

சீழ் வைக்கும் பரு அதிகம் என்றால் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம். 5-ம் 10-ம் வாங்க வேண்டாம். பலன் ஏறக்குறைய ஒன்றுதான், எரிச்சல் மட்டும் கூடும். முகம் கழுவும் வடிவில் வாங்கி, இரண்டு நிமிடம் முகத்தில் விட்டுக் கழுவிவிடுவது காய்ந்த தோலுக்கு ஏற்றது. இது துணியின் சாயத்தை எடுத்துவிடும். ஜாக்கெட் கழுத்து, தலையணை உறை, துண்டு எல்லாம் திட்டுத்திட்டாக வெளுக்கும். இதற்கென்று வெள்ளைத் துண்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் படும் ஜன்னலோரத்தில் ட்யூபை வைக்கக் கூடாது. க்ளிண்டமைசின் ஜெல் எழுதிக்கொடுத்தால் அதைத் தனியாகப் போடாமல் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்தே போட வேண்டும். இல்லையென்றால் கிருமிகள் அந்த ஆன்டிபயாட்டிக்குக்குப் பழகிவிடும்.

கடைசியாக சன்ஸ்க்ரீன், எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாமல். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிழிந்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். பாதி அளவு போட்டால் பாதிப் பாதுகாப்புகூட இல்லை. கறுப்புத் தழும்பு விழும் தோலுக்கு, இரும்பு ஆக்சைடு சேர்ந்த நிறமுள்ள சன்ஸ்க்ரீன் மேலானது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மாநிறத் தோலைக் கறுக்க வைக்கிறது. சாதாரண சன்ஸ்க்ரீன் அதை நிறுத்துவதில்லை.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. மாதவிடாய் முழுதாக நின்று 12 மாதம் ஆகும்வரை கரு தரிக்க வாய்ப்பு உண்டு. அந்தச் சந்தேகம் இருக்கும்வரை அடாபலீன் வேண்டாம். அசலாயிக் ஆசிட் போடலாம்.

அடியில் கட்டிக்கொண்ட ஒற்றைப் பரு

அழுத்தக் கூடாது. மேலே வாய் இல்லாத பருவை அழுத்தினால் சீழ் உள்பக்கமாக வெடித்துப் பரவும். மூன்று வாரத்தில் ஆறுவது மூன்று மாதத் தழும்பாகும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியைப் பத்து நிமிடம் ஒற்றிவையுங்கள், ஒரு நாளைக்கு மூன்று முறை. பரு மேல் ஒட்டும் ஸ்டிக்கர்கள் இதற்கு உதவாது; அவை மேலே வாய் திறந்த பருவுக்கு. வீட்டில் கல்யாணம், நாலு நாளில் முகம் தெளிய வேண்டும் என்றால் தோல் மருத்துவர் நீர்த்த ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைப் பருவுக்குள் துளியளவு போடுவார். ஒன்றிரண்டு நாளில் அமுங்கும். அளவு கூடினால் அந்த இடம் பள்ளமாகிவிடும் என்பதால் கை தேர்ந்தவரிடம் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரை தேவைப்பட்டால்

12 வாரம் ஒழுங்காகப் பூசியும் அடங்கவில்லை, அல்லது தழும்பு விழுகிறது என்றால் மாத்திரை பற்றிப் பேசும் நேரம்.

டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது. இந்த வயதில் அநேகமாக எல்லோரும் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார்கள். இரண்டும் டாக்சிசைக்ளினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மருந்து ரத்தத்தில் சேராது. ‘மாத்திரை சாப்பிட்டும் கேட்கவில்லை’ என்பதற்கு இதுவும் ஒரு காரணம். குறைந்தது இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள். ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகும். வெயில் பட்டால் தோல் சீக்கிரம் எரியும்.

தாடையோரப் பருவுக்கு ஸ்பைரோனோலாக்டோன் நன்றாகக் கேட்கும். ஆண்ட்ரோஜன் எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டாமல் இது தடுக்கிறது. 2023-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் 410 பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதை 50 மில்லிகிராமில் தொடங்கி, ஆறு வாரத்துக்குப் பிறகு 100 மில்லிகிராம் வரையும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 12 வாரத்தில் தெரிந்த பலனைவிட 24 வாரத்தில் தெரிந்தது தெளிவாக அதிகம். ஆகவே பொறுமை வேண்டும்.

இந்த மாத்திரை உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும். 45 வயதுக்கு மேல் அந்த ஆபத்து கூடுவதால், தொடங்குமுன் பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை செய்து, தொடங்கிய சில வாரங்களிலும் அளவைக் கூட்டிய பிறகும் மறுபடி பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுகிறவர்கள் அதைத் தோல் மருத்துவரிடம் சொல்லாமல் விடக் கூடாது. அவையும் பொட்டாசியத்தை ஏற்றுகின்றன. சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல் இதோடு சேர்ந்தால் இதயத்துக்கே ஆபத்தாகலாம். மாதவிடாய் நின்ற பிறகு சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும் என்பதால் இதை நினைவில் வையுங்கள். ‘சோடியம் குறைந்தது’ என்று விற்கும் உப்பில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு, அதை நிறுத்துங்கள். தினமும் இளநீர் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை ஆகாது. எழுந்து நின்றால் தலை சுற்றுவது, மாதவிடாய் இன்னும் வருகிறவர்களுக்கு அது முன்பின்னாவது ஆகியவை அடிக்கடி காணும் பக்கவிளைவுகள்.

ஐசோட்ரெட்டினோயின் கடைசிப் படி. 10, 20 மில்லிகிராம் என்ற சிறு அளவே இந்த வயதில் பலருக்குப் போதும். உதடு, கண், மூக்கு எல்லாம் காயும்; மாதவிடாய் நிற்பதால் வரும் வறட்சியோடு சேர்ந்து இது நிஜமாகவே வாட்டும். கல்லீரல், கொழுப்புப் பரிசோதனை வேண்டும். டாக்சிசைக்ளினோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. கருவைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால், மாதவிடாய் இன்னும் முழுதாக நிற்காதவர்கள் கருத்தடை இல்லாமல் தொடவே கூடாது.

உடம்புச் சூட்டுக்கும் தூக்கமின்மைக்கும் ஹார்மோன் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், அதற்குப் பிறகு பரு கூடியது என்றால், அதில் ஈஸ்ட்ரோஜனோடு சேர்ந்திருக்கும் புரோஜெஸ்டின் வகை ஹார்மோன் எது என்று பாருங்கள். நோரெத்திஸ்டெரோன், லெவோநார்ஜெஸ்ட்ரெல் இரண்டுக்கும் ஆண்ட்ரோஜன் குணம் கொஞ்சம் உண்டு, டிபோலோனுக்கும் உண்டு. மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன், டைட்ரோஜெஸ்டிரோன் போன்றவற்றுக்கு மாற்ற முடியுமா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேட்கலாம். பருவுக்காக மட்டும் ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்குவதில்லை.

சமையலறை, பார்லர், தலையணை

அடுப்படியில் வியர்க்க வியர்க்க முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைப்பது பருவை உடைக்கும், தோலை உராய்க்கும். ஈரமான மெல்லிய பருத்தித் துணி ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒற்றி எடுங்கள். இரவில் வியர்த்து எழுகிறவர்கள் தலையணை உறையை வாரம் இரண்டு முறையாவது மாற்ற வேண்டும். ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்கு ஹெல்மெட் வார் அழுத்தும் இடத்தில் மட்டும் பரு வந்தால் வாரைத் துவைத்து, மெல்லிய துணி சுற்றிப் பாருங்கள்.

தலைக்கு எண்ணெய் வைப்பதை விட வேண்டியதில்லை. முடியின் நுனிக்கு வைத்து, நெற்றியோரம் வழியாமல் பார்த்து, இரவு முழுதும் ஊறவிடாமல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அலசிவிட்டால் போதும்.

பார்லரில் ஃபேஷியல், ஆவி பிடித்தல், ஸ்க்ரப், ப்ளீச் நான்கும் பரு இருக்கும்வரை வேண்டாம். மோவாய் முடிக்கு வேக்ஸிங் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: அடாபலீன் போட்ட தோலில் வேக்ஸ் இழுத்தால் மேல்தோலும் சேர்ந்து வந்துவிடும். ஒரு வாரம் முன்பே மருந்தை நிறுத்துங்கள். ஐசோட்ரெட்டினோயின் சாப்பிடும்போதும் நிறுத்திய ஆறு மாதம்வரையும் வேக்ஸிங் கிடையாது. ஒன்றிரண்டு முடிதான் என்றால் சிறிய கத்தரிக்கோலால் வெட்டுவதே தோலுக்கு நல்லது.

சாப்பாட்டில் மிகைப்படுத்திச் சொல்ல எதுவும் இல்லை. சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவு பருவைக் கூட்டும் என்பதற்கு ஓரளவு சான்று உண்டு. மூன்று வேளையும் வெள்ளை அரிசி, இடையில் சர்க்கரை போட்ட காபி, பிஸ்கட் என்றால் அதில் ஒரு வேளையை மாற்றுங்கள். சோற்றைக் குறைத்துப் பருப்பு, சுண்டல், காய் கூடட்டும். பாலுக்கும் பருவுக்கும் தொடர்பு பேசப்படுகிறது. ஆனால் எலும்பு தேயும் வயதில் பருவுக்காகப் பால், தயிரை அடியோடு நிறுத்துவது நட்டமான வியாபாரம்.

உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டியவை

சில வாரங்களுக்குள் திடீரென்று பரு பெருகி, கூடவே குரல் தடித்து, முகத்திலும் மார்பிலும் முடி வேகமாக வளர்ந்து, உச்சந்தலை வழுக்கையானால், சினைப்பையிலோ அட்ரினல் சுரப்பியிலோ ஆண்ட்ரோஜன் சுரக்கும் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன், டி.எச்.இ.ஏ.எஸ் (அட்ரினலில் சுரக்கும் ஓர் ஆண்ட்ரோஜன்) ரத்தப் பரிசோதனைகள் இதற்குத்தான். மெதுவாக வரும் சாதாரணப் பருவுக்கு ஹார்மோன் பரிசோதனைகளை வரிசையாகச் செய்து பணம் செலவழிக்க வேண்டியதில்லை. கழுத்து மடிப்பு கறுத்துத் தடித்திருந்தால் ரத்தச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பாருங்கள்.

ஒரே இடத்தில், ஆறு வாரம் கடந்தும் ஆறாமல், தொட்டால் ரத்தம் கசிந்து, பொருக்கு தட்டி, மறுபடி புண்ணாகும் ‘பரு’ பருவாக இல்லாமல் தோல் புற்றாக இருக்கலாம். சிறு சதைப் பரிசோதனையில் தெரிந்துவிடும். 12 மாதம் மாதவிடாய் இல்லாமல் இருந்து, பிறகு ஒரு சொட்டு ரத்தப்போக்கு வந்தாலும் பரு சிகிச்சையைத் தள்ளிவைத்துவிட்டு மகப்பேறு மருத்துவரிடம் போங்கள்.

பரு அடங்கிய பிறகு

மூன்று மாதம் புதுப் பரு வரவில்லை என்றால் அடாபலீனை வாரத்துக்கு 2, 3 இரவாகக் குறைக்கலாம். அடியோடு நிறுத்தினால் சில மாதத்தில் திரும்பி வருவது வழக்கம். பரு விட்டுப்போன கறுப்பு மேல்தோலில் இருந்தால் பழுப்பாகத் தெரியும், அசலாயிக் ஆசிடும் சன்ஸ்க்ரீனும் தொடர்ந்தால் ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் மங்கும். நீலச் சாம்பல் நிறமாக இருந்தால் நிறமி ஆழத்தில் இறங்கிவிட்டது. அது மங்க ஆண்டுக்கணக்கில்கூட ஆகலாம். பள்ளமாக விழுந்த தழும்பு எந்த க்ரீமுக்கும் நிரம்பாது. மைக்ரோநீட்லிங் (நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்தும் சிகிச்சை), லேசர் போன்றவற்றை, பரு முழுதாக அடங்கிய பிறகு, மாநிறத் தோலில் செய்து பழகிய தோல் மருத்துவரிடம் மட்டும் செய்துகொள்ளுங்கள். சூடு கூடினால் பள்ளம் நிரம்புவதற்கு முன்பே புதிய கறுப்பு விழும்.